பின் சீட்டுக்காரர்களுக்கு ஒரு வேலை

சின்னப் பதிவாகத்தான் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்திய வாய்க்குச் சுருக்கமாகப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறை வரப்போகிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காரில் ஊருக்கு வருவார்கள். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சுமார் 600 கிலோமீட்டர். காலை இருட்டில் கிளம்பினாலும் சாப்பாடு, டீ, டோல்கேட் என்று வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். அந்தப் பத்துப் பதினோரு மணி நேரமும் பின் சீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் என் விஷயம்.

நடப்பது உங்களுக்கே தெரியும். ஆளுக்கொரு செல்போன், காதில் ஒயர். விழுப்புரம் தாண்டியதும் சின்னவனுக்குத் தலை சுற்றும், திருச்சிக்கு முன்னால் வாந்தி. கண் பார்க்கும் திரை அசையாமல் இருக்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ வண்டி ஆடுவதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குமட்டும். வெளியே தூரத்தில் பார்த்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எலுமிச்சம்பழம் வாங்கிக் கையில் கொடுக்கிறோம், ஜன்னலைக் காட்டமாட்டேன் என்கிறோம்.

செல்போனைப் பிடுங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிடுங்கினால் பிள்ளை ஜன்னலைப் பார்க்காது, நம்மை முறைத்துக்கொண்டு வரும். அதற்கு ஒரு வேலை கொடுங்கள் என்கிறேன். கண்ணுக்கு வேலை.

இதைச் சொல்வதற்கு எனக்கு உரிமை வந்ததே நான் செய்த ஒரு தப்பினால்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன மே மாதம் நானும் சென்னையிலிருந்து அவர்களோடு வண்டியில் வந்தேன். மருமகள் இணையத்திலிருந்து ஒரு கட்டம் போட்ட தாளை அச்செடுத்து வைத்திருந்தாள். பார்த்ததை அடித்துக்கொண்டே வரவேண்டும், ஒரு வரிசை நிறைந்தால் ஜெயம். நல்ல யோசனைதான். ஆனால் தாள் யாரோ அமெரிக்காக்காரர் போட்டது. சிவப்புத் தானியக் கொட்டகை, மஞ்சள் பள்ளிப் பேருந்து, வைக்கோல் உருளை. பள்ளிப் பேருந்து ஒன்றுதான் அகப்பட்டது. மதுரை வருவதற்குள் தாள் பிஸ்கட் தூளோடு சீட்டுக்குக் கீழே போய்விட்டது.

“நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஆச்சி களத்தில் இறங்கினேன். அருப்புக்கோட்டை தாண்டியதும், “இது என்ன மண்?” “கரிசலில் என்ன விளையும்?” “எட்டயபுரத்தில் பிறந்த கவிஞர் யார்?” சரியாகச் சொன்னால் ஒரு மதிப்பெண், தப்பானால் அரை குறைப்பு. சின்னவன் இரண்டு கேள்வி தாங்கினான். பெரியவள், ஆறாம் வகுப்புப் போகிறவள், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “ஆச்சி, இது லீவு.”

அதோடு ஜன்னல் பக்கம் இருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூத்துக்குடி வந்து சேரும்வரை வெளியே பார்க்கவில்லை. பார்த்தால் ஆச்சி கேள்வி கேட்பாளே! ஒரு பிள்ளையை ஜன்னலிலிருந்து விரட்டியது செல்போன் இல்லை, நான்தான். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நிறைய பேர் என் நட்பில் இருக்கிறீர்கள். நம் கூட்டத்துக்கு இந்த வியாதி உண்டு, மறுக்காதீர்கள்.

கேள்வி கேட்பவருக்கு விடை முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது பரீட்சை. கேட்பவருக்கும் தெரியாவிட்டால்தான் ஆட்டம். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது எனக்கு இதுதான் பட்டது.

மறுநாள் எல்லோருமாகத் திருச்செந்தூர் கிளம்பினோம். துறைமுகத்துக்குப் போகிற ட்ரெயிலர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். எங்கள் ஊரில் இது தினப்படி. அலுத்துக்கொள்ளாமல் முன்னால் போகிற கன்டெய்னரின் கதவைப் பார்த்தேன். அதிலிருந்த எழுத்துகளை நாற்பது வருடமாகப் பார்க்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை. “இதெல்லாம் என்னன்னு எனக்கும் தெரியாது, கண்டுபிடிப்போமா?” என்றேன். சின்னவன் செல்போனில் தேடினான். ஆமாம், நானே கேட்டுக் கையில் கொடுத்தேன்.

உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் கன்டெய்னர் எண்ணுக்கு ஒரே முறைதான். முதலில் நான்கு ஆங்கில எழுத்து. முதல் மூன்றும் சொந்தக்காரக் கம்பெனியைக் குறிக்கும், நான்காவது சரக்குப் பெட்டிகளில் ‘யூ’ என்றே இருக்கும். பிறகு ஆறு இலக்கம். கடைசியில் தனியாக, பெரும்பாலும் ஒரு கட்டத்துக்குள், ஓர் எண். அதற்குக் கீழே ‘22ஜி1’, ‘45ஜி1’ என்று ஒரு குறி. அது 2 என்று தொடங்கினால் 20 அடிப் பெட்டி, 4 என்று தொடங்கினால் 40 அடி. ‘ஜி’ என்றால் சாதாரணச் சரக்கு. ‘ஆர்’ என்றால் குளிர்பதனப் பெட்டி. எங்கள் ஊரிலிருந்து இறாலும் கணவாயும் வெளிநாடு போவது இந்த ‘ஆர்’ பெட்டிகளில்தான். முத்தையாபுரம் தாண்டுவதற்குள் சின்னவன் ‘ஆர்’ வேட்டைக்காரனாகிவிட்டான்.

கட்டத்துக்குள் இருக்கும் அந்தத் தனி எண்தான் சுவாரசியம். அது முன்னால் உள்ள பத்தையும் சரிபார்க்கிற எண். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ‘ஏ’ என்றால் 10, அடுத்து ‘பி’ 12, இப்படியே 11, 22, 33 ஆகியவற்றை மட்டும் தாண்டிப் போகும். முதல் இடத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், அடுத்ததை 4ஆல், பிறகு 8, 16 என்று இரட்டித்துப் பெருக்கிக்கொண்டே போய்க் கூட்டி, 11ஆல் வகுத்தால் வருகிற மீதிதான் அந்தக் கடைசி எண். மீதி 10 வந்தால் 0. குமாஸ்தா ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினால் கணக்கு உதைத்துக்கொண்டு நிற்கும், தப்பு தெரிந்துவிடும். சின்னவனும் அவன் அம்மாவும் ஒரு பெட்டிக்குக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் லாரி திரும்பிப் போய்விட்டது. ஆனால் மீதி வந்தது, கட்டத்தில் இருந்த அதே எண். வண்டிக்குள் போட்ட சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்!

1974இல் பெரிய துறைமுகம் என்று அறிவிக்கப்பட்ட ஊர் இது. அந்தத் துறைமுகத்து லாரிகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் வகுத்தல் மீதி நடத்தியிருக்கிறேன், மாம்பழத்தைப் பங்கு போட்டு. வாசலில் ஓடிய பாடத்தை விட்டுவிட்டேன்.

வண்டி எண் ஆட்டம் பலருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவில் ஐம்பது மாநில எண் பலகைகளைத் தேடுவார்களாம். நமக்கு மாவட்டங்கள் போதும். டி.என். 69 எங்கள் ஊர், 72 திருநெல்வேலி, 74 நாகர்கோவில், 65 ராமநாதபுரம், 67 விருதுநகர், 76 தென்காசி, 92 திருச்செந்தூர். மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலச் சாலை. இதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். அதற்கு மேல் அலுத்துவிடும், ஏனென்றால் எந்த ஊருக்குப் போனாலும் இதே ஆட்டம்தான்.

அலுக்காதது எது என்றால் அந்த வழிக்கே உரியது. எங்கள் வழியில் அது நிறம். எட்டயபுரம் பக்கம் கரிசல், கறுப்பு. தூத்துக்குடியை விட்டுத் தெற்கே கிளம்பினால் இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை. பழையகாயல், முக்காணி வந்ததும் தாமிரபரணி. வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும், பச்சை. திருச்செந்தூர் தாண்டிக் காயாமொழிப் பக்கம் திரும்பினால் தேரி, ரத்தச் சிவப்பு மணல். நாலு நிறத்தையும் பார்த்து முடிக்கக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் போதும். ‘நிறம் எந்த இடத்தில் மாறுகிறது, அதற்குப் பக்கத்தில் இருக்கிற கடை எது, மரம் எது’ என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன். இந்த எல்லை எந்த வரைபடத்திலும் இல்லை, ஆச்சிக்கும் தெரியாது. பெரியவள் முதல் முறையாக நோட்டைக் கையில் எடுத்தாள்.

அந்த நோட்டுதான் என் கண்ணைத் திறந்தது. மேயில், “உப்பு மலை வெள்ளை” என்று எழுதியிருந்தாள். காலாண்டு விடுமுறைக்கு வந்தபோது அதே இடத்தில், “போன தடவை வெள்ளையா இருந்துச்சு. இப்ப ஏன் ஆச்சி பாய் போட்டு மூடியிருக்காங்க?” என்று கேட்டாள். மழைக்காலம் வருகிறது, அம்பாரத்தை மூடிவிட்டார்கள், இனி சில மாதம் அளத்தில் வேலை இருக்காது என்றேன். “அப்ப வேலை செய்யறவங்களுக்குச் சம்பளம்?” அடுத்த கேள்வி உடனே வந்தது. இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டிருந்தால் அது பாடம். அவள் என்னிடம் கேட்டாள். பதிலை அரைகுறையாகத்தான் சொன்னேன். உப்பளத்து வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அவர்கள் மதியச் சாப்பாட்டை எப்படிச் சாப்பிடுவார்கள் என்று பார்த்தவள் நான்.

இன்னொன்று. ஆத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. சின்னவன் ‘பெயின்ட் சரியில்லை’ என்று எழுதிக்கொண்டான். பக்கத்து வீட்டிலும் அதே உயரத்தில் கோடு. அதற்கடுத்த சுவரிலும். பெரியவள்தான், “ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கு, தண்ணியா?” என்றாள். தண்ணீர்தான். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை மீறியது, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். அந்த மூன்று நாளும் எங்களோடு போனில் பேச முடியாமல் என் மகன் சென்னையில் தவித்தான். பிள்ளைகளுக்கு அது ஏதோ அப்பா டென்ஷனாக இருந்த ஒரு வாரம். சுவரைப் பார்த்த பிறகு அது தண்ணீராக ஆனது. வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று அளந்து பார்த்தாள். அவள் தலைக்கு மேலே இருந்தது.

இனி கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன்.

பொங்கல் விடுமுறை. அதே உப்பளச் சாலை. வலது பக்கத் தண்ணீரில் பூநாரைக் கூட்டம். குளிர்காலத்தில் எங்கள் அளங்களுக்கு அவை வருவது உண்டு என்றாலும் அவ்வளவு பக்கத்தில் நானே பார்த்ததில்லை. “அந்தா பாருங்க பூநாரை!” என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் பார்த்தார்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மகனும் பார்த்தான். ஒரு வினாடிதான். முன்னால் ஒரு ட்ரெயிலர் இண்டிகேட்டர் போடாமல் பாதி சாலையில் நின்றுகொண்டிருந்தது. பிரேக் பிடித்தது, வண்டி இழுத்துக்கொண்டு போய் நின்றது. இடைவெளி ஒரு முழம் இருந்திருக்கலாம். யாரும் பேசவில்லை. மருமகள் சின்னவனைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூநாரை பறந்துவிட்டது.

தப்பு லாரிக்காரர் மேலும் உண்டு. ஆனால் கத்தியது நான். அன்றிலிருந்து எங்கள் வண்டியில் இரண்டு சட்டம். ஓட்டுகிறவருக்கு ஆட்டத்தில் இடம் கிடையாது, அவரிடம் கேள்வியும் கேட்கக்கூடாது. இரண்டாவது, யார் எதைக் கண்டாலும் கத்தக்கூடாது. நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் தொடையில் ஒரு தட்டு தட்டலாம். வண்டி நின்ற பிறகுதான் பேச்சு. முதலில் கத்தியவருக்கு மதிப்பெண் என்று எந்த ஆட்டத்தை யார் சொல்லிக்கொடுத்தாலும் ஓடுகிற வண்டிக்குள் சேர்க்காதீர்கள். எங்கள் பக்கத்துச் சாலைகளில் கட்டாயம் வேண்டாம்.

சத்தம் போனதும் ஆட்டம் இன்னும் நன்றாக ஆகிவிட்டது என்பது நான் எதிர்பாராதது. கத்தும்போது முந்துகிறவன் ஒருவனே, மற்றவர்கள் அவன் காட்டியதைத்தான் பார்ப்பார்கள். நோட்டில் எழுதியபோது ஒரே சாலையில் மூன்று பேர் மூன்று சாலை பார்த்திருந்தது தெரிந்தது.

மூன்றாவது சட்டம் பெரியவள் போட்டது. காலாண்டு விடுமுறை எங்கள் பக்கத்தில் குலசை தசரா சமயம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் காளி, குரங்கு, கரடி, ராஜா, போலீஸ் என்று வேடம் கட்டித் தர்மம் கேட்டுச் சாலையெங்கும் வருவார்கள். சின்னவனுக்குக் கொண்டாட்டம். காளிக்குப் பத்து, குரங்குக்கு ஐந்து என்று மதிப்பெண் போட ஆரம்பித்தான். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது காளி வேடக்காரர் ஒருவர் தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது நாளாக விரதம், வீட்டில் உடம்பு சரியில்லாதவருக்காக வேண்டுதல் என்றார். வண்டியில் ஏறியதும் பெரியவள், “ஆளுங்களுக்கு மார்க் போட வேணாம்டா” என்றாள் தம்பியிடம். உப்பு சுமக்கிற பெண்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். சட்டமாகிவிட்டது. பார்க்கலாம், எழுதலாம், எண்ணிப் புள்ளி சேர்க்கக்கூடாது.

வண்டி நிற்கும்போது ஆடுகிற ஆட்டம் ஒன்றும் உண்டு. ருட்யார்ட் கிப்ளிங் 1901இல் எழுதிய ‘கிம்’ நாவலில் ஒரு தட்டு நிறையக் கற்களைக் கொஞ்ச நேரம் காட்டி மூடிவிட்டு, என்னென்ன இருந்தன என்று சொல்லச் சொல்வார்கள். பேடன் பவல் அதை 1908இல் சாரணர் நூலில் சேர்த்துக்கொண்டார். நான் சாரணியர் குழு நடத்திய காலத்தில் கற்களுக்குப் பதில் சோழி, சங்கு, சிப்பி, பவளத்துண்டு என்று கடற்கரையில் பொறுக்கியதை முறத்தில் பரப்பிவைப்பேன். காருக்கு முறம் வேண்டாம். டீக்கடையே போதும். டீ குடித்துவிட்டுக் கிளம்பி ஐந்து நிமிடம் கழித்து, கடையில் தொங்கிய வாழைத்தார் எத்தனை, கடைக்காரர் சட்டை என்ன நிறம், பலகையில் எத்தனை ரூபாய் போட்டிருந்தது என்று ஆளாளுக்குச் சொல்லவேண்டும். நான் எப்போதும் தோற்பேன். தோற்பதில் எனக்கு வருத்தமில்லை, பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

எங்கள் கடற்கரையின் பிழைப்பே கண்ணில்தான் இருந்தது. முத்துக்குளிப்பு நடத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன் பார்களைச் சோதித்து, மாதிரிக்குச் சிப்பி எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்புப் போடுவார்கள். பிறகு திறக்காத சிப்பிகளைக் குவித்து ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது எடுத்தவருக்கே தெரியாது. தூத்துக்குடிப் பக்கம் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. அதற்குச் சிறுவனாகப் போயிருந்த என் அப்பா முத்தைப் பற்றி அதிகம் சொன்னதில்லை, அழுகிய சிப்பியின் நாற்றத்தைப் பற்றித்தான் சொல்வார். மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஜி.பி.எஸ். வருமுன் கடலுக்குள் இடம் கண்டுபிடித்ததும் கண்ணால்தான். கரையில் ஒரு கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு மேடு அல்லது ஒரு தனிப் பனை, இரண்டும் ஒரே நேராக வரும் கோடு. இன்னொரு பக்கத்தில் அதேபோல் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் அவர்கள் இடம்.

இதையும் வண்டியில் ஆடலாம். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி எங்களுக்கு வெகுதூரம் தெரியும். பக்கத்தில் இருக்கும் ஒரு பனை அதை எப்போது மறைக்கிறது, எப்போது விட்டுப் பிரிகிறது என்று பார்த்துக்கொண்டே வரவேண்டும். பக்கத்தில் உள்ளது ஓடும், தூரத்தில் உள்ளது கூடவே வரும். ‘நிலா ஏன் நம்மோடு வருகிறது’ என்று நான்கு வயதில் கேட்டதற்குப் பதில் சின்னவன் பத்து வயதில் தானாகச் சொன்னான்.

“குழந்தைகள் பாவம், பரீட்சை எழுதிக் களைத்துப்போய் வருகிறார்கள், வண்டியிலாவது சும்மா விடுங்கள்” என்று என் தோழி ஒருத்தி, அவளும் ஆசிரியைதான், சண்டை போட்டாள். பாதி ஒத்துக்கொள்கிறேன். தூங்குகிற பிள்ளையை எழுப்பாதீர்கள். ஒன்றும் செய்யாமல் வெறித்துக்கொண்டு வருகிற பிள்ளையையும் தொந்தரவு செய்யாதீர்கள், அதுவும் பார்வைதான். ஆனால் திரையைப் பார்ப்பது ஓய்வு என்று மட்டும் சொல்லாதீர்கள். இறங்கும்போது அந்த முகங்களைப் பாருங்கள்.

கடைசியாகப் பனை. பதநீர் இறக்குகிற மரமா என்று ஓடுகிற வண்டியிலிருந்தே சொல்லிவிடலாம், கொண்டைக்குக் கீழே கலயம் தொங்கும். நுங்குக் குலை தெரிந்தால் பருவப் பனை, இல்லாமல் நீளமான பாளை மட்டும் தெரிந்தால் அலகுப் பனை. போன மேயில் திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாக மணப்பாடு வரை பிள்ளைகள் கலயம் எண்ணினார்கள். கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் உடன்குடி. கண்ணுக்கெட்டிய தூரம் பனை. சாலையிலிருந்து தெரிந்த கலயம் கட்டிய மரங்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிட்டன. மணப்பாட்டில் சிலுவைக் கோயில் மேட்டில் உட்கார்ந்து பெரியவள் நோட்டில் அந்த எண்ணை எழுதி, பக்கத்தில் ‘அடுத்த வருஷமும் எண்ணணும்’ என்று எழுதினாள்.

அந்த அடுத்த வருடம் வந்துவிட்டது. நேற்று போனில் பேசியபோது சின்னவன் ஒரு பட்டியல் வாசித்தான். கன்டெய்னர் ‘ஆர்’, குலசையில் ராக்கெட் தளத்துக்குப் போகிற லாரி, பாதை ஓரத்து மயில். பெரியவள் கலயம் மட்டும் போதும் என்றாள். பிறகு என் மகன் போனை வாங்கினான்.

“அம்மா, உப்பளத்துலருந்து மணப்பாடு வரைக்கும் அவ ஓட்டட்டும். நான் பின்னாடி உக்காந்துக்கிடுதேன்” என்றான்.

அவனுக்கும் ஒரு நோட்டு வாங்கிவைத்திருக்கிறேன்.